ரமணி கொண்டுபோன பதில்

ரமணி வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நோய் நொடி இல்லை, யாரோடும் சண்டை இல்லை, வேலையிலும் பிரச்சினை இல்லை. ஏதாவது ஒன்று இருந்திருந்தால் அதைக் காரணம் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். எதுவும் இல்லாததால் அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் சைக்கிளின் பின்பக்கம் பைகளை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றாள்.

"எங்கடி போற?"

"சும்மா ஒரு ரவுண்டு மா. சுங்கைப்பட்டாணி, சிக், பாலிங், அப்படியே சுத்திக்கிட்டு வந்துருவேன்."

"யாரு கூட?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "முப்பத்து மூணு வயசுப் பொம்பள ஒத்தையில சைக்கிள்ல ஊர் சுத்துறான்னு தாமான் பூரா பேசுவாங்க லா."

"பேசட்டும் மா. அவங்களுக்கும் பொழுது போகணும்ல?"

பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் ரமணி பிறந்தாள். அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போன வருஷம் தோட்டம் கை மாறியது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்தார்கள். குடும்பம் டவுன் ஓரத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் எங்கேயும் நிலையாக இருந்ததில்லை. சுங்கைப்பட்டாணியில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்தாள். பினாங்கில் துணிக்கடையில் நின்றாள். ஜொகூருக்குப் போய் சித்தி வீட்டில் தங்கி ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். எல்லா இடத்திலும் நல்ல பேர்தான். எல்லா இடத்திலிருந்தும் ஒருநாள் திடீரென்று கிளம்பி வந்துவிடுவாள். கடைசியில் கூலிம் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பார்க்கும் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. மெஷின் தினமும் ஒவ்வொரு மாதிரி கெட்டுப்போகும் என்பதாலோ என்னவோ, அங்கே மட்டும் ஒட்டிக்கொண்டாள். இரவு ஷிப்டு முடிந்து வந்தாலும் தூக்கம் பிடிக்காது. கூட வேலை செய்த மலாய்ப் பெண் ஒருத்தியிடம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் சாலைகளில் வெயில் ஏறும்வரை மிதித்துவிட்டு வந்து படுப்பாள்.

அந்த வருஷம் இரண்டு நல்ல காரியங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. மேனேஜர் புவனேஸ்வரன் அவளைக் கூப்பிட்டு சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொன்னார். பகல் வேலை, தனி மேசை, ஏர்கான் அறை. அதே மாதம் காளிதாசன் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். காளிதாசன் தமிழ்ப்பள்ளியில் அவளுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். கரங்கானில் லாரி பட்டறை வைத்திருந்தான். செம்பனைப் பழம் ஏற்றும் லாரிகள் எல்லாம் அவனிடம்தான் வரும். சைக்கிளுக்குக் காற்றடிக்க ஒருநாள் அங்கே நின்றதில் பழைய பழக்கம் துளிர்த்து, இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். கையில் கிரீஸை வைத்துக்கொண்டே கேட்டான். கேட்டுவிட்டு, "அவசரமில்ல, யோசிச்சு சொல்லு," என்றும் சொன்னான்.

அதிலிருந்துதான் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. மெஷினைத் திறந்து வைத்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று மறந்து நின்றாள். இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டால் வாழ்க்கை அமைந்துவிடும். அமைந்துவிடும் என்று நினைக்கும்போதே கால் பரபரத்தது. லீவு போட்டாள்.

சைக்கிள் மிதித்துக்கொண்டே யோசிக்கலாம் என்பதுதான் அவள் எண்ணம். ஆனால் சுங்கைப்பட்டாணியைத் தாண்டும்வரை பின்னால் வரும் வண்டிகளைக் கவனிக்கவே பொழுது சரியாகிவிட்டது. பீடோங்குக்கு அப்புறம் வெயில். குரூண் பக்கம் ஜெராய் மலை இடதுகைப் பக்கம் கூடவே வந்துகொண்டிருந்தது. எவ்வளவு மிதித்தாலும் அது பின்னால் போகவில்லை. ஒரு கல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போனதில் பாதையை விட்டுப் புல்லில் இறங்கி விழுந்தாள். முழங்கை சிராய்த்தது. எழுந்து, லாரிக்காரனைத் தோட்டத்துப் பாஷையில் நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்ததும் மனசு லேசானது. கல்யாணம், சூப்பர்வைசர் எதுவும் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் ஜெனியாங் சாலையில் இரண்டு பக்கமும் ரப்பர் பால்மரங்கள். நாய்கள் துரத்தின. சிக் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. முன்சக்கரம் கண்ணுக்குத் தெரியாத மழை. சொட்டச் சொட்ட நனைந்து, வெளிச்சம் தெரிந்த முதல் சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினாள். சம்சியா என்ற தமிழ் முஸ்லிம் அம்மாளும் அவள் கணவர் ஈசாவும் நடத்தும் கடை. பாலிங் போகும் வழியில் மண் சரிந்து சாலை அடைபட்டிருந்ததால், ஊரில் மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கடையில் பரிமாறும் ஆட்கள் சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். ஈசா ரொட்டிக் கல்லை விட்டு நகர முடியாமல் நிற்க, சம்சியா ஒருத்தியே மேசைக்கும் அடுப்புக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

ரமணி கொஞ்ச நேரம் பார்த்தாள். கேட்காமலேயே எழுந்து எச்சில் தட்டுகளை எடுத்தாள்.

"ஏம்மா, நீ கஸ்டமர்மா!"

"பரவாயில்ல அக்கா. சும்மா உட்கார முடியல."

மழை நிற்கும்வரை என்று தொடங்கியது, சாலை திறக்கும்வரை என்று ஆனது. இரவு சம்சியாவின் மகள் அறையில் படுத்தாள். பகலில் தே தாரிக் டீ ஆற்றக் கற்றுக்கொண்டாள். குவளைகள் ஒரு மூலையிலும் சீனி ஒரு மூலையிலும் கிடந்ததை மாற்றி, கைக்கு எட்டும் வரிசையில் அடுக்கினாள். சம்சியா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"இத்தனை வருஷமா இந்தச் சீனிக்கு நடந்தே நான் மெக்காவுக்குப் போயிருக்கலாம் போலிருக்கே! இங்கேயே இருந்துடேன் தங்கச்சி."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ரமணிக்குச் சுருக்கென்றது. இருந்துவிடலாம் போலத்தான் இருந்தது. கிளினிக்கிலும் துணிக்கடையிலும் பேக்கரியிலும் முதல் வாரம் இப்படித்தான் இருந்தது. சாலை திறந்துவிட்டது என்று யாரோ சொன்ன உடனே அவளுடைய கை தானாகப் பையைத் தேடியது. சம்சியா மிளகாய்ச் சம்பாலும் முட்டையும் வைத்து நாசி லெமாக் சோறு கட்டிக் கொடுத்தாள். மறுபடி வா என்றோ போகாதே என்றோ சொல்லவில்லை. அடுத்த மேசைக்கு ஆர்டர் எடுக்கப் போய்விட்டாள்.

பாலிங் சாலை ஏற்றமும் இறக்கமும். மழை கழுவிய தாரில் செம்மண் படிந்திருந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் ரமணி ஒன்றைக் கவனித்தாள். அவள் மனசுக்குள்ளே பேசிக்கொண்டே வந்திருக்கிறாள். கல் லாரிக்காரனைத் திட்டியதை, சீனி டப்பாவை இடம் மாற்றியதை, முன்னால் வழியை மறித்து உட்கார்ந்திருந்த குரங்கு அவளை மேலும் கீழும் பார்த்ததை, எல்லாவற்றையும் யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த யாரோ காளிதாசன்தான். வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்தே அவன்தான்.

சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். தனக்குத்தானே சிரிப்பு வந்தது. இதற்கா இவ்வளவு தூரம்? கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் சொல்லி, அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றிரவு பாலிங்கில் தங்கிவிட்டு, கோலா கெட்டில் வழியாகக் கீழே இறங்கி, எங்கேயும் நிற்காமல் கரங்கானுக்கு விட்டாள். அடுத்த தடவை கிளந்தான் எல்லைப் பக்கம் போக வேண்டும், வந்து அவனுக்கு அதையும் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள்.

பட்டறையில் ஒரு லாரியின் முன்பாகம் கவிழ்த்தபடி திறந்து கிடந்தது. காளிதாசன் கீழேயிருந்து வெளியே வந்தான். அவள் நினைத்து வந்த முகம் இல்லை அது. கண் உள்ளே போயிருந்தது.

"கையில என்ன காயம்?"

"விழுந்துட்டேன். ஒண்ணுமில்ல."

அவன் அம்மா ராக்காயி பின்கட்டிலிருந்து பால் விடாத தே ஓ டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். காளிதாசன் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பதில் சொல்லத்தான் வந்தியா?"

"ஆமா."

"இரு ரமணி. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். நீ சொன்னப்புறம் நான் சொன்னா நல்லா இருக்காது." துணியை ஓரமாகப் போட்டான். "நீ கிளம்புனதுலேர்ந்து எனக்கு வேலை ஓடல. சிக் பக்கம் மழைன்னாங்க, மண் சரிஞ்சுதுன்னாங்க. ஃபோனை எடுப்பேன், வெச்சிடுவேன். எங்க இருக்கன்னு கேட்டா உனக்குக் கோபம் வரும். ஒரு லாரிக்கு பிரேக் மாத்துனேன், நட்டு முறுக்காமலே அனுப்பிட்டேன். டிரைவர் பார்த்ததால பிழைச்சான்."

"சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொல்லிட்டுத்தான் போன. உன் மேல தப்பில்ல." அவன் பின்கட்டைப் பார்த்தான். "எங்கப்பா லாரி ஓட்டுனாரு. தெற்க போனா எப்ப வருவாருன்னு தெரியாது. அம்மா வாசல்ல நின்னே கிழவியாயிட்டாங்க. அவங்க முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நானும் நின்னேன். நீ போற ஆளு. இன்னைக்கு இது, நாளைக்கு வேற ஒண்ணு. போகாதேன்னு சொன்னா நீ வாடிப் போயிடுவ. போன்னு சொல்லிட்டு நின்னுக்கிட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்ல. நான் கேட்டதை மறந்துரு."

ரமணி இனிமேல் எங்கேயும் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனியில் நின்றது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் காத்திருந்தானோ என்னவோ. ஆனால் அது பொய். கிளந்தான் எல்லைக்குப் போகும் திட்டம் அரை மணி நேரத்துக்கு முன்னால் போட்டது.

"சரி," என்றாள். தே ஓவை மிச்சம் வைக்காமல் குடித்தாள். குவளையை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தாள். எதைச் சொல்ல வந்தாள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் வழி ஒரு பக்கம் இருக்க, அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். செர்டாங்கைத் தாண்டினாள். அழுகை வந்தது, மிதித்துக்கொண்டே அழுதாள். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் நிறுத்தி, "ஓக்கே கா, காக்?" என்று அக்கா முறை வைத்து மலாயில் கேட்டார். ஓக்கே என்று தலையாட்டினாள். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. தான் மட்டுமே வேண்டுமா வேண்டாமா என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாள். அங்கே அவனும் உட்கார்ந்து நிறுத்துப் பார்த்திருக்கிறான். அது அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே!

பண்டார் பாருவில் கெடா மாநிலம் முடிகிறது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பேராக். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. மேனேஜர் புவனேஸ்வரன்.

"லீவுல இருக்கும்போது தொந்தரவு பண்றேன் ரமணி. மேலே பேரு அனுப்பணும். என்ன சொல்ற?"

"வேண்டாம் சார்."

"என்னம்மா, யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்."

யோசிக்கவே இல்லை. அந்த வேண்டாமை காளிதாசனுக்குச் சொன்னாளா, மேனேஜருக்குச் சொன்னாளா என்று இன்றுவரை அவளுக்கே நிச்சயமில்லை. அவர் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டு வைத்தார். ரமணி மீ கோரேங்கை முழுவதும் தின்றாள். நல்ல பசி.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் லேசில் கழியவில்லை. அவள் வேலை கற்றுக்கொடுத்த வசந்தன் என்ற பையன் அவளுக்கு மேலே சூப்பர்வைசர் ஆனான். "அக்கா, இதுல ஒரு கையெழுத்து," என்று மரியாதையாகத்தான் நீட்டுவான். அந்த மரியாதைதான் அவளைக் குத்தியது. சைக்கிளை எடுக்க மனமில்லை. எங்கே போனாலும் கரங்கான் வழியில் இருப்பதுபோலத் தோன்றியது. முட்டாள்தனம் செய்துவிட்டோம் என்று பல நாள் நினைத்தாள்.

வருஷக் கடைசியில், தொழிற்சாலைகளுக்கு மெஷின் விற்றுப் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் ஆள் கேட்டார்கள். பெர்லிஸிலிருந்து பேராக் வரைக்கும் வேனில் போய்க்கொண்டே இருக்க வேண்டிய வேலை. வீட்டுச் சாப்பாடும் வீட்டுப் படுக்கையும் வாரத்துக்கு இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். யாரும் நிலைக்காத வேலை என்று அவர்களே சொன்னார்கள். ரமணி போய்ச் சேர்ந்தாள். மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் அதில்தான் இருக்கிறாள். சில ஊர்களில் ஹோட்டல் அறைக்குள் கால் வைத்ததுமே ஏன் இந்தப் பிழைப்பு என்று தோன்றும். விடிந்து வேனைக் கிளப்பியதும் அது மறந்துபோகும்.

போன தை மாதம் காளிதாசனுக்குக் கல்யாணம். பெண் கூலிமில் ஒரு கிளினிக்கில் இருக்கும் லோகேஸ்வரி. அழைப்பு வந்தது, ரமணி போனாள். காளிதாசன் முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருந்தது. அவளைப் பார்த்ததும் மேடையிலிருந்தே கையை உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள். பந்தியில் ராக்காயி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்னைக்கு சைக்கிள்ல வந்தியே ரமணி. என்ன சொல்ல வந்த?"

ரமணி இலையில் இருந்த அப்பளத்தை உடைத்தாள்.

"தாகமா இருந்துச்சு அத்தை. அதான் வந்தேன்."

ராக்காயி அவளையே பார்த்தாள். பிறகு பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, அவள் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னாள்.