குளிக்காமல் இறங்காதே

என் அக்காவுக்கு ஐம்பது வயதில் நீச்சல் பைத்தியம் பிடித்தது. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்து நான்கு வருடம் ஈரத் தரையில் நின்று நின்று அவளுடைய முழங்கால் இரண்டும் போயே போய்விட்டன. தண்ணீருக்குள் உடம்பின் பாரம் மூட்டில் இறங்காது, நீந்துங்கள் என்று எலும்பு டாக்டர்தான் சொன்னார். அக்கா மறுநாளே நீச்சல் குளத்தில், பெண்களுக்கான காலை நேரத்துக்குப் பேர் கொடுத்துவிட்டாள்.

வீடே திரண்டு வந்தது. "சளி பிடிக்கும்" என்றார் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர். "காதுல சீழ் வெக்கும்மா" என்றாள் அவள் மகள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? முடி கொட்டும், கறுத்துப்போவாய், இந்த வயதில் நெஞ்சு தாங்குமா என்று என் பங்குக்கு நானும் ஓதினேன். அக்கா எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"முழங்கால் வலி எனக்கா, உங்களுக்கா?"

எட்டே மாதத்தில் எங்கள் வாயை அடைத்தாள். மூன்றாவது மாடியில் இருக்கிற என் வீட்டுக்குக் கைப்பிடியைத் தொடாமல் ஏறி, பின்னால் மூச்சிரைக்க வந்த என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அப்புறம் வந்தது இருமல். குளத்திலிருந்து வந்தால் கண் சிவந்து, நெஞ்சு இறுகி, மத்தியானம் வரை வறட்டு இருமல் விடாது. நெஞ்சு டாக்டருக்கு எங்கள் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். "குளோரின் உங்களுக்கு ஒத்துக்கலம்மா. நீச்சலை நிறுத்திடுங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று முடித்துவிட்டார். மாமா முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். "நீச்சலை விட்டா காலு போயிடும்டி. நிக்க முடியலன்னா வேலை போயிடும். அப்புறம் நான் என்ன பண்றது? உங்க மாமா கூட உக்காந்து நாள் பூரா டிவி பாக்கறதா?" சொல்லிவிட்டு அழுதாள். எங்கள் அப்பா போன அன்றுகூட இப்படி அழாதவள்.

மறுநாள் விடிந்ததும் போன் அடித்தது. "கெளம்பி வா. உனக்கு ஒண்ணு மோந்து பாக்கற வேலை இருக்கு."

குளத்தின் கரையில் என்னை நிறுத்தி, என்ன நெடி என்று கேட்டாள்.

"குளோரின்தான். நல்லா சுத்தமா வெச்சிருக்காங்க போல."

"மண்ணு! நான் நாள் பூரா ப்ளீச்சிங் தண்ணியிலதான் கெடக்கேன். அளவாப் போட்டா நெடியே தெரியாது. மூத்திரத் துணி ஊறுற தொட்டியில மருந்து பத்தலன்னா, அப்பத்தான் இப்படிக் கண்ணக் கரிக்கும். இது குளோரின் நெடி இல்லடி. குளிக்காம எறங்கற மகராசிங்க நெடி."

குளத்துக்கு மருந்து போடுகிறவரைப் பிடித்தாள். எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டதும் அவர் பாவம், உள்ளதைச் சொல்லிவிட்டார். "நெடி தாங்கலன்னு எல்லாரும் சண்டைக்கு வந்தாங்கம்மா. பாதியாக் கொறச்சுட்டேன். அப்பவும் நெடி ஏறிக்கிட்டேதான் இருக்கு."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சலவைக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. நெடிக்குப் பயந்து மருந்தைக் குறைப்பார்கள். அழுக்கு அரைகுறையாக நின்று இன்னும் நாறும்.

நேரே மானேஜரிடம் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு ஒத்துக்கலன்னா வராதீங்கம்மா. யாரு உங்களைக் கட்டாயப்படுத்தினா?"

"எனக்கு நல்லா ஒத்துக்குது. உங்க தண்ணிக்குத்தான் உடம்பு சரியில்ல."

குளித்துவிட்டு இறங்கவும் என்று போர்டு வைத்திருப்பதாக அவர் கை காட்டினார். போர்டு இருந்தது. அதன் மேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

அக்கா விறுவிறுவென்று குளக்கரைக்குத் திரும்பினாள். குளத்துக்குள் இறங்குகிற ஒரே ஏணியின் தலைமாட்டில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு சப்பணம்! வந்தவர்களை எல்லாம் ஷவருக்குத் திருப்பி அனுப்பினாள்.

"நான் வீட்லயே குளிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார் பேங்கில் அதிகாரியாக இருக்கும் ஒரு அம்மா.

"ரொம்ப சந்தோஷம். இன்னொரு தடவை குளிச்சா கரைஞ்சா போயிடுவீங்க?"

"எங்களக் கேக்க நீங்க யாரு?"

"ஆஸ்பத்திரித் துணி தொவைக்கிறவ. பேங்க் மேனேஜர் துணியும் தொவைச்சிருக்கேன், பிச்சைக்காரர் துணியும் தொவைச்சிருக்கேன். அழுக்குல ஒரு வித்தியாசமும் கெடயாது."

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஷவருக்குப் போனார். எனக்கானால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேரை நீக்கிவிடுவேன் என்று மானேஜர் கத்தினார். "நீக்குங்க. ஆனா என்னைத் தூக்க நாலு பேரோட வாங்க, நான் லேசு இல்ல" என்றாள் அக்கா.

மூன்று நாள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் ஒரு டீச்சர் தனக்கும் இதே இருமல் என்று சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் கண்ணெரிச்சல்காரர்கள் மூன்று பேர். கடைசியாக, ஈரத் தலையோடு அந்த பேங்க் அம்மாவே வந்து உட்கார்ந்தார். ஏணிக்கு வழியே இல்லாமல் போனது. மானேஜர் இறங்கி வந்தார். குளத்தில் பாதித் தண்ணீரை மாற்றினார்கள், மருந்தைச் சரியான அளவுக்கு ஏற்றினார்கள், குளிக்காதவர்களை வாசலிலேயே நிறுத்த ஆள் போட்டார்கள். நெடி அடங்கும்வரை அக்கா ஒரு கால்கூட நனைக்கவில்லை. அடங்கிய பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மாதம் முடிந்து அக்கா, மாமா, நான் மூவரும் நெஞ்சு டாக்டரிடம் போனோம். அவர் அக்காவின் முதுகில் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார்.

"பாத்தீங்களா? நெஞ்சு சுத்தமா இருக்கு. நீச்சலை விட்டீங்க, இருமல் போயிடுச்சு."

மாமா விட்டத்தைப் பார்த்தார்.

"யாரு விட்டா?" என்றாள் அக்கா. "இப்பக் குளத்துலருந்துதான் நேரா வர்றேன். மத்தவங்களக் குளிக்க வெச்சேன் டாக்டர், எனக்கு இருமல் போயிடுச்சு."