பிரம்பால் பிடித்த மீன்

விண்ணப்பதாரருக்கு நியாயமான காலத்துக்குள் எழுத்தில் பதில் அனுப்பப்பட வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. முப்பது வருடம் அரச அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த விதியைப் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். நியாயமான காலம் என்பது எத்தனை நாள் என்று சொல்லக்கூடிய ஒருவரையும் இதுவரை சந்தித்ததில்லை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, சித்தப்பா ஊரிலிருந்து வந்து, வேலை அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு எங்கள் வீட்டில் அந்த நியாயமான காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். அனுமதி வராமல் வேலைக்குப் போக முடியாது. சாப்பிட அம்மா கூப்பிட்டால், "பசிக்கேல்லை அண்ணி, நீங்கள் சாப்பிடுங்கோ" என்பார். எல்லோரும் எழுந்த பிறகு மிஞ்சியதைக் குசினியில் நின்றபடியே சாப்பிடுவார். அவருக்குப் பிந்திப் பசிக்கும் உடம்பு என்று நான் நினைத்திருந்தேன்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கீழ்வீட்டுக் கிழவர் சித்தப்பாவையும் என்னையும் லொங்குய்ய் ஆற்றங்கரைக்கு மீன்பிடிக்கக் கூட்டிப்போனார். அவரை நாங்கள் மிசியே, அதாவது ஐயா, என்று மட்டும் அழைப்போம். ஆறு உறைந்து கிடந்தது. மீன்பிடி உரிமம் யாருக்கெல்லாம் இருந்தது என்று இப்போது விசாரிக்க வேண்டாம். நான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியில் போயிருந்தேன்.

ஐஸில் துளையிட்டு, அதன் குறுக்கே ஒரு மரச்சட்டம் வைப்பார்கள். அதில் நூல் உருளையும் மடக்கிய சிவப்புக் கொடியும் இருக்கும். கீழே மீன் இழுத்தால் கொடி நிமிரும். பிடிக்க வந்தது பேர்ச் என்ற வரிபோட்ட சிறிய மீன். சித்தப்பாவின் கொடி ஐந்து தரம் நிமிர்ந்தது. ஐந்து தரமும் ஓடிப்போய், காரைநகர்க் கடலில் பழகிய கையால் நூலைச் சட்டென்று வெட்டி இழுத்தார். ஐந்து தரமும் வெறும் தூண்டில் முள்தான் வந்தது.

"ஒண்டாவது கொண்டுபோகவேணும் பிள்ளை. இண்டைக்கு மீன்கறி எண்டு அண்ணியிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார்.

தூரத்திலிருந்து மிசியே ஏதோ கத்தினார். காற்றில் ஒரு சொல்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

"என்னவாம்?"

"பிரம்பாலயாம், சித்தப்பா."

"பிரம்பாலயோ? மீனுக்கோ?"

பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைப் படிப்பித்திருக்கவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லும் மொழிபெயர்ப்பாளர் உண்டா? "ஓம்" என்றேன்.

"எங்கட வாத்திமாரின்ரை வைத்தியம் இஞ்சையும் வந்திட்டுது" என்றபடி, அடையாளத்துக்கு நட்டிருந்த மூங்கில் தடியைப் பிடுங்கித் துளையைச் சுற்றி ஐஸை விளாசினார். அடிக்குப் பயந்து மீன் தூண்டிலில் ஏறும் என்று எங்கள் இருவருக்கும் அப்போது நம்பிக்கை இருந்தது. ஆற்றில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மிசியே ஓடிவந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மரச்சட்டத்தைத் தட்டி, "பிரம்பால்" என்றார். பிரெஞ்சில் அந்தக் கருவிக்கு அதுதான் பெயர். அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் கத்தியிருக்கிறார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "நல்ல மொழிபெயர்ப்பு, மகள்." நான் ஐஸைப் பார்த்தேன்.

மிசியே பெரிய முள்ளை வெட்டி எறிந்துவிட்டுச் சிறியதைக் கட்டினார். இரைமீனையும் சின்னவிரல் நுனியளவுக்கு மாற்றி, முதுகுச் செட்டைக்குக் கீழே கோர்த்தார். லேசாக இழுத்தாலே கொடி நிமிரும்படி பிடியைத் தளர்த்தினார். பேர்ச்சுக்கு வாய் சிறியது, உதடு மெல்லியது. இழுவை கனத்தால் துப்பிவிடும், வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும். இம்முறை ஒழுங்காக மொழிபெயர்த்தேன்: "மெல்ல, சித்தப்பா. ரெண்டு விரலாலை பிடியுங்கோ. பாரம் தெரிஞ்சாப்பிறகு தொய்ய விடாமல் இழுங்கோ."

அடுத்த கொடி நிமிர்ந்தபோது சித்தப்பா கையுறையைக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்தார். இரண்டு விரலுக்கிடையில் நூலை வைத்துக்கொண்டு, நாடி பார்ப்பவர்போல வெகுநேரம் அசையாமல் இருந்தார். பிறகு கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். மஞ்சள் நிறத்தில் ஒன்று ஐஸின் மேல் வந்து துள்ளியது. பின்னேரத்துக்குள் ஒன்பது மீன்.

அன்று சித்தப்பா எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டார். "இவனுக்கு இன்னும் ரெண்டைப் போடும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். சித்தப்பா மறுக்கவில்லை, மூன்று தரம் சோறு வாங்கினார். எனக்கு அதன் காரணம் விளங்கிவிட்டது.

"ஒவ்வொரு நாளும் ஆத்துக்குப் போங்கோ சித்தப்பா. குளிருக்கு உங்களுக்கு நேரத்துக்குப் பசிக்குது" என்றேன்.

அம்மா தன் பங்கு மீனை எடுத்து என் தட்டில் வைத்து, "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றார். நல்ல ஆலோசனை சொன்னதற்குப் பரிசு என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் ஆற்றின் ஐஸ் உடைந்து மீன்பிடி நின்றது. சித்தப்பாவுக்கு மறுபடியும் பசி பிந்தத் தொடங்கியது. அனுமதிக் கடிதம் வந்தது ஜூன் பதினேழாம் திகதி.