சீனி இல்லாத மாவுருண்டை

“மனுசன் தின்னா ஒண்ணும் செய்யாதது, நாய் தின்னா எப்படிங்க வெஷமாகும்?”

மணிமேகலை கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று அவள் புருஷன் உடையப்பனிடம் பதில் இல்லை. எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிற மனிதர் வாயடைத்து நின்றதே ஊருக்குப் புதுசு. பிளஸ் டூவில் உயிரியல் படித்து முடித்துவிட்டு அவர்கள் தெருவில் சும்மா திரிந்தவர்களுக்கும், பின்னால் கேட்டபோது, பதில் தெரியவில்லை.

உடையப்பன் கீரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். வெகுகாலம் கத்தாரில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி, இப்போது லோடு ஆட்டோவில் மார்க்கெட்டுக்குப் பூவும் தேங்காயும் ஏற்றிப் போகிறார். தன்னைப் பற்றித் தானே கேலி பேசிக்கொள்வது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“எல்லாரும் வெளிநாட்டுலேருந்து தங்கம் கொண்டாந்தாய்ங்க. நான் சுகர் கொண்டாந்தேன். ஏர்போர்ட்டுல அதுக்கு டூட்டி கூடக் கேக்கல” என்பார்.

அவர் ஊரில் இல்லாத காலத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் பிழைக்கப் போய்விட, தென்னந்தோப்பு வீட்டில் மணிமேகலை தனியாக இருந்தாள். துணைக்கு இருந்தது செவலை என்கிற நாய். குட்டியாக வந்ததைப் பால்சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். உடையப்பன் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று செவலை அவரை வாசலிலேயே மறித்துக் குரைத்தது.

“வீட்டுக்காரனையே பாத்துக் கொலைக்குது பாரு.”

“வீட்டுக்காரவுக யாருன்னு அதுக்குச் சரியாத்தாங்க தெரியும்” என்றாள் மணிமேகலை.

உடையப்பனுக்கு இனிப்பு என்றால் உயிர். டாக்டர் சீனியை நிறுத்தச் சொன்னதிலிருந்து, பந்தியில் லட்டு வைக்கிறவரைச் சாவு வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பிரசாந்த் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான்.

“மாமா, இது சைலிடால். சீனி மாதிரியே இனிக்கும், ஆனா சுகர் அவ்வளவா ஏறாது. ஆர்டர் போட்டுரவா?”

“கேக்காத, போடு.”

பாக்கெட் வந்தது. பார்க்க அச்சு அசல் சீனி. நாக்கில் வைத்தால் இனிப்போடு லேசாகக் குளுகுளுவென்றும் இருந்தது. உடையப்பன் தானே அடுப்படியில் இறங்கி ரவா கேசரி கிண்டினார். சீனி இல்லாத கேசரிக்குக் கணக்கு எதற்கு என்று சட்டியோடு முடித்துவிட்டு, ஆவுடையார்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு பஸ் ஏறினார். பஸ் அறந்தாங்கியைத் தொடுவதற்குள் அவர் வயிறு ஒரு தனி ஊர்வலம் நடத்த ஆரம்பித்தது. தைல மரக் காட்டோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினார்.

“அண்ணே, வெரசா வாங்கண்ணே. அங்கிட்டு டைம் கீப்பர் திட்டுவாரு” என்று கண்டக்டர் படியில் நின்று கூப்பிட்டது பஸ் முழுக்கக் கேட்டது. வந்து உட்கார்ந்தவர், யாரும் கேட்பதற்கு முன் தானே சொன்னார்: “கல்யாணத்துக்குப் போறவன் வீட்டுலயே விருந்து முடிச்சிட்டு வந்தா இப்படித்தான்.”

அடுத்த தடவை சுகர் பார்க்கப் போனபோது டாக்டரிடம் இதையும் மறைக்காமல் சொன்னார். டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அது முழுசா ரத்தத்துல சேராதுங்க. மிச்சம் கொடல்ல தங்கித் தண்ணிய இழுக்கும். அதான் பேதி. பல்லுக்கு நல்லதுதான், சுகரையும் சீனி அளவுக்கு ஏத்தாது. ஆனா ஒடம்புல அது ரொம்பச் சேந்தா இருதயத்துக்கு ஆகுமான்னு இப்பச் சில ஆராய்ச்சியில சந்தேகப்படுறாங்க. முடிவாத் தெரியல. அதனால காப்பிக்கு ஒரு ஸ்பூன் போட்டுக்கங்க. சட்டி நெறையா கேசரி வேணாம்.”

உடையப்பன் அதோடு அடங்கியிருப்பார். குறுக்கே தேய்பிறை அஷ்டமி வந்தது.

கத்தாரில் ஒரு விபத்தில் தப்பித்ததிலிருந்து, தேய்பிறை அஷ்டமிதோறும் பைரவருக்குப் படைப்பதாக அவருக்கு ஒரு வேண்டுதல். பாசிப்பருப்பை வறுத்து அரைத்து, சீனிப்பொடியும் நெய்யும் சேர்த்துப் பிடித்த மாவுருண்டைதான் படையல். பூஜை முடிந்ததும் முதல் உருண்டை நாய்க்கு. பைரவரின் வாகனமல்லவா. வீட்டில் செவலைக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் அங்கே படுத்திருக்கிற நாய்களுக்கும் போடுவார். கடைசியில் தானும் தின்பார்.

அந்தக் கடைசியில்தான் சிக்கல். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வராது. தின்றால் சுகர் ஏறும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். உருண்டையையே சைலிடாலில் பிடித்துவிட்டால் சாமிக்கும் ஆச்சு, தனக்கும் ஆச்சு. இந்த அறிவு தனக்கு மட்டும் எப்படித்தான் வருகிறதோ என்று அவருக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

காலையிலேயே படைத்தார். செவலை நெய் வாசனைக்கு வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கற்பூரம் அணைந்ததும் ஓர் உருண்டை போட்டார். அது நக்கித் தின்றுவிட்டு முகத்தைப் பார்க்கவே இன்னொன்றும் போட்டார்.

“இன்னைக்கித்தான் அது என்னய மதிச்சு வாலாட்டுது” என்று மணிமேகலையிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு டப்பாவோடு கிளம்பினார்.

கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு டப்பாவைத் திறந்தார். நாய்கள் சூழ்ந்துகொண்டன. முதல் உருண்டையைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது.

“என்னங்க, செவலை வாந்தி எடுக்குது. நிக்க முடியாமத் தள்ளாடுது. கண்ணு ஒரு மாதிரி சொருகுது. ஓடியாங்க” என்றாள் மணிமேகலை.

“இந்தா வாரேன்” என்றவர், கையிலிருந்ததை டப்பாவிலேயே போட்டு மூடிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். நாய்கள் கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டே துரத்தின. அன்று அந்த நாய்களைக் காப்பாற்றியது அவருடைய புத்தி அல்ல, அவசரம்தான் என்று பின்னாளில் அவரே சொல்வார்.

செவலையை லோடு ஆட்டோவில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். மணிமேகலை அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். அங்கே இருந்தவர் காவ்யா என்கிற இளம் டாக்டர்.

“என்ன கொடுத்தீங்க?”

“பெரசாதம்தாம்மா. கண்டதையும் கொடுக்கல.” உடையப்பன் டப்பாவை நீட்டினார்.

“இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?”

“பாசிப்பருப்பு, நெய்யி. அப்புறம் சீனி இல்லாத சீனி ஒண்ணு. என்னமோ ஒரு டாலுன்னு முடியும்.”

“சைலிடாலா?”

“அதேதாம்மா” என்றார் உடையப்பன், பேர் பிடிபட்ட சந்தோஷத்தில். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது.

“நாய்க்கு அது வெஷங்க. கொஞ்சம் போனாலே போதும்.”

அப்போதுதான் மணிமேகலை, மனுசனுக்கு ஒன்றும் செய்யாதது நாய்க்கு எப்படி வெஷமாகும் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டாள். டாக்டர் ஊசியைத் தயார் செய்துகொண்டே சொன்னார்: “நம்ம ஒடம்பு அதைச் சீனியா எடுத்துக்காது. நாயோட ஒடம்பு ஏமாந்துரும். சீனி நெறைய வந்துருச்சுன்னு நெனச்சு இன்சுலினைக் கொட்டிரும். ரத்தத்துல இருக்கிற சர்க்கரை சட்டுன்னு எறங்கிரும். அதான் தள்ளாடுது. ஈரலும் கெட்டுப்போகலாம். ரெண்டு மூணு நாள் பாத்துத்தான் எதுவும் சொல்ல முடியும்.”

குளுக்கோஸ் ஏறியது. பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை உடையப்பனுக்கு. தனக்கு ஆகாத குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாகச் செவலைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கை கடுத்தது. மாற்றிப் பிடிக்கவும் பயமாக இருந்தது.

“மேகல, நான் வேணும்னு...”

“பேசாமப் பிடிங்க.”

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. இட்லி வைத்தாள், தண்ணீர் வைத்தாள், மருந்தகத்துக்குப் போகச் செவலையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினாள், அவ்வளவுதான். வழியெல்லாம் உடையப்பன் தனக்குத்தானே பேசிக்கொண்டு ஓட்டினார். “பேதி ஆனப்பவே புத்தி வந்திருக்கணும். எனக்கு எல்லாம் கீழ்வழியாப் போயிருது, மேல ஏற மாட்டேங்குது.” பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, செருமலா என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

கடைசியாக ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரல் தப்பித்துவிட்டது என்றார் காவ்யா. பாக்கெட்டை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொன்னார். சீனி இல்லாத சூயிங்கம், சில பற்பசை, சில வேர்க்கடலை வெண்ணெயில்கூட அது இருக்கும் என்றும், அடுத்த முறை யார் வீட்டு நாய்க்கு ஆனாலும் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் செவலை மணிமேகலை கையிலிருந்து தயிர்சோறு தின்றது. உடையப்பன் ஒரு கவளம் நீட்டினார். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“அதுக்கு இருக்கிற அறிவு” என்றாள் மணிமேகலை. அவள் அவரிடம் மறுபடி பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்கே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது அவர் காப்பிக்கு ஒரு ஸ்பூன் சைலிடால் போட்டுக்கொள்கிறார். அஷ்டமிக்கு நாய்களுக்குப் போவது வெறும் தயிர்சாதம். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற இடம், டீக்கடை, பந்தி என்று எங்கே போனாலும் இந்தக் கதையைத் தானே எடுத்துச் சொல்கிறார். வீடியோ காட்டிய பிரசாந்தையும் தெருத்தெருவாகச் சொல்ல வைத்திருக்கிறார். “எம் பேரைச் சொல்லியே சொல்லுங்கப்பா. கூமுட்டைன்னு சேத்துச் சொன்னாலும் சரி. நாயி பொழைச்சாப் போதும்” என்பது அவர் கட்டளை.

அவர் சொன்னபடி உடையப்பன் பேரைச் சொல்லியே எழுதியாயிற்று. சீனியை விட்டவர்கள் வீட்டிலும் நாய்கள் வாசலில் படுத்திருக்கின்றன. படித்த நீங்கள் அப்படி ஒரு வீட்டுக்காவது இதைச் சொல்லிவிடுங்கள்.