உப்புப் பானையில் கடைசித் தாள்

எழுபத்து நான்காம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்குப் புதுச்சேரியில் மரக்காணம் பஸ்ஸைப் பிடித்தேன். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றரை ரூபாய். எதற்குப் போகிறேன் என்று வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "சென்னையில பழைய பேப்பர் கிடைக்கலையா?" என்று என் மனைவி கேட்டிருப்பாள்.

சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். தபால்தலை சேர்ப்பவரை உலகம் ரசிகர் என்கிறது. நான் சேர்ப்பது பழைய துப்பறியும் மாத இதழ்கள். மட்டமான காகிதம், அட்டையில் கத்தியோடு ஒரு முகமூடிக்காரன், விலை நாலணா. இதைச் சேர்ப்பவனை எந்த ஊரிலும் கிறுக்கன் என்றுதான் சொல்வார்கள், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அவற்றுள் 'கள்ளச்சாவி' என்ற இதழின் மேல் எனக்குத் தனிப் பித்து. மாதம் ஒரு முழுக்கதை, கூடவே ஒரு தொடர்கதை, இரண்டின் கடைசிப் பகுதியும் எப்போதும் கடைசித் தாளில்தான். சுதந்திரம் வந்த சமயத்தில் தொடங்கிச் சில வருஷம் ஓடி, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. கடைசி இதழ் தவிர எல்லாம் என்னிடம் இருந்தன. அந்தக் கடைசி இதழில்தான் 'பூட்டிய அறையில் பூமாலை' தொடரின் முடிவு இருக்க வேண்டும். உள்ளே தாழிட்ட அறையில் ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார். விளக்கு கவிழ்ந்து முகம் கருகியிருக்கிறது. கழுத்தில் மட்டும் வாடாத மாலை. கொன்றது மருமகனா, டாக்டரா, சமையல்காரனா? பதினோரு வருஷமாக அந்த ஒரு இதழைத் தேடி மூர்மார்க்கெட்டிலிருந்து மதுரை வரை அலைந்துவிட்டேன். கொலைகாரன் யாரென்று தெரியாமலே என் கட்டை வேகுமோ என்று உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

முதல் நாள் கோட்டக்குப்பத்தில் ஒரு பாயின் பழைய பேப்பர் கடையில்தான் துப்பு கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் துபாய்க்குப் போய்விட்டதால் பாயே தராசு பிடித்துக்கொண்டிருந்தார். எடைக்கு வந்த ஒரு கட்டுக்குள் ஐந்து 'கள்ளச்சாவி' இருந்தன. ஆவலோடு புரட்டினேன். ஐந்திலும் கடைசித் தாளைக் காணோம். எலி கடித்ததில்லை, தையலோரமாக மடித்துப் பதமாகக் கிழித்திருந்தார்கள்.

"பாய், யாரு இந்த வேலை பண்ணது?" என்றேன்.

"மரக்காணத்து சரக்கு சார். உப்பளத்து மேஸ்திரி ஊட்டுலேர்ந்து வர்றது. எது வந்தாலும் கடைசித் தாள் இருக்காது. ஏன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார்.

துப்பறியும் கதையிலிருந்து முடிவை மட்டும் கிழித்து வைக்கிறவன் எப்பேர்ப்பட்ட பாவியாக இருப்பான்? அன்றிரவு லாட்ஜில் தூக்கமே வரவில்லை.

பஸ் பெரிய முதலியார்சாவடி தாண்டியதும் கண்டக்டரிடம் இதழ் விஷயத்தைச் சொல்லி மேஸ்திரியைப் பற்றி விசாரித்தேன். "மேஸ்திரி செத்து ரொம்ப வருஷம் ஆவுது சார். அவரு சம்சாரம் இன்னாசியம்மா இருக்காங்க, அளத்தாண்ட டீக்கடை வெச்சிருக்காங்க. எங்கப்பா எல்லாம் அவங்க கதை படிக்கக் கேட்டவருதான்" என்றவர், பையைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணு சார். அங்க போயி துப்பறியும் தணிகாசலத்தை நல்லவன்னு கில்லவன்னு சொல்லிடாதீங்க" என்றார்.

துப்பறியும் தணிகாசலம் 'கள்ளச்சாவி'யின் நிரந்தரக் கதாநாயகர். மாதாமாதம் கொலைகாரனைப் பிடித்துக் கொடுப்பவர். அவர் மேல் இந்த ஊருக்கு என்ன கோபம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எட்டரைக்கு மரக்காணத்தில் இறங்கி, இட்லி தின்றுவிட்டு, உப்பளத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். அந்த வெளுப்பைப் பற்றிப் பலர் சொல்லியிருந்தும் நான் தயாராகப் போகவில்லை. பாத்தி பாத்தியாக நீர், வரப்போரமெல்லாம் உப்புக் குவியல், ஒரு மரம் இல்லை. கண்ணைத் திறக்க முடியாமல் குனிந்தபடியே நடந்தேன். விடியும் முன் இறங்கி உப்பு வாரியவர்கள் பத்து மணிக்குக் கரையேறி, ஓலைக் கொட்டகையின் கீழ் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னாசியம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, காதோரம் நரை. கன்னியாஸ்திரீகளிடம் ஐந்தாவது வரை படித்தவராம். அந்தக் காலத்தில் அளத்தில் எழுத்து தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வந்த காரியத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் தூக்கி வந்தார்.

மேலேயே இருந்தது. நான் தேடிய கடைசி இதழ். அட்டை கூடக் கசங்கவில்லை. உடனே பின்பக்கம் திருப்பினேன். கடைசித் தாள் இல்லை. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சார் மூஞ்சப் பாரு, செத்த ஊட்டுக்கு வந்தாப்ல" என்று மங்கா என்ற பெண் சிரித்தாள். ஏழுமலை என்ற பெரியவர்தான் இரங்கி விவரம் சொன்னார்.

"மேஸ்திரி பண்ண வேலைங்க அது. பாதி சீசன்ல ஆளுங்க அறுப்புக்குப் போறேன், கடலுக்குப் போறேன்னு ஓடிருவாங்க. அவரு பார்த்தாரு. மாசாமாசம் புக்கு வந்ததும் கடைசித் தாளைக் கிழிச்சு உப்புப் பானையில போட்டு மூடிருவாரு. டீ டைம்ல அம்மா தினம் கொஞ்சம் படிப்பாங்க. மாசக் கடைசியில உப்பைக் குவிச்சு அம்பாரம் ஏத்தி முடிச்சாத்தான் பானையத் திறந்து முடிவைப் படிப்பாங்க. ஒருத்தன் வேலைய உட்டுப் போவலை."

"உப்புல எதுக்குங்க போட்டாரு?"

"உப்புல போட்டா எது கெடும்? மீனே கெடாதப்போ தாளு கெட்டுருமா?" என்றார் ஏழுமலை, இவ்வளவு படித்தவனுக்கு இது தெரியவில்லையே என்பது போல.

பிறகு ஆளாளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார்கள். இருபது வருஷத்துக்கு முன் கேட்டவை, ஒரு சம்பவம் பிசகவில்லை. முடிவுக்கு வந்தபோதுதான் என் தலை சுற்றியது. ரயிலில் நடந்த கொலையைச் செய்தது தணிகாசலம் என்றார்கள். கலங்கரை விளக்கத்தில் நடந்ததும் தணிகாசலம்தானாம். என் பிரதிகளில் முதல் கொலையைச் செய்தவன் ஒரு வைர வியாபாரி, இரண்டாவதைச் செய்தவள் ஒரு நர்ஸ்.

"அவரு கொலைகாரனா இருந்தா அடுத்த மாசம் எப்படிங்க துப்பறிய வருவாரு?" என்றேன்.

"ஜாமீன்ல வந்திருப்பாரு" என்றாள் மங்கா. எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவர்கள் சிரித்துக்கொண்டே தொட்டியில் கை கால் கழுவப் போன சமயம், டீ ஆற்றிக்கொண்டிருந்த இன்னாசியம்மாவிடம் போனேன். "அம்மா, என்கிட்ட அந்தப் புத்தகமெல்லாம் முழுசா இருக்குதுங்க. நீங்க படிச்ச முடிவு எதுவுமே அதுல இல்லியே" என்று மெதுவாகக் கேட்டேன்.

டீயை ஆற்றியபடியே நிமிர்ந்தார். மறைக்கும் முகம் இல்லை, பயந்த முகம்தான். "பச்சை உப்பு ஈரம் கக்கும்னு அவருக்குத் தோணலை. எனக்கும் தோணலை. மொத மாசமே பானையத் திறந்தா தாளு கூழாக் கிடக்குது. எதிர்ல அம்பது பேரு வாயப் பொளந்துகிட்டு உக்காந்திருக்கான். அவரு வேற என்னியே பார்க்கிறாரு. என்னா பண்ணுவேன், சொல்லுங்க? கூழைக் கையில வெச்சுகிட்டுப் படிக்கிறாப்ல சொல்லிட்டேன். அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. அப்புறம் மாசாமாசம் அதான்."

"மேஸ்திரிக்கும் தெரியாதா?"

"அவருக்கும் தெரியாது. இன்னி வரைக்கும் மாதாகோயில் சாமியாருக்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல மட்டும்தான் சொல்லியிருக்கேன். சாமியாரு, சொல்லாம இருன்னுட்டாரு."

நான் அயர்ந்துபோனேன். எழுத்தாளர் எழுதியது ஒன்று, அச்சடித்தது அதே, ஆனால் ஓர் ஊரே வேறு முடிவோடு வாழ்ந்து வந்திருக்கிறது. ஓர் எழுத்துப் பிசகினாலும் சிவப்பு மசியால் சுழிக்கிறவன் நான். 'பூட்டிய அறை'க்கு என்ன முடிவு சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"செத்தவரு ஜமீன்தாரே இல்லை" என்றார் சாதாரணமாக. "தான் செத்தா யாரு யாரு அழுவாங்கன்னு பார்க்க ஆசை அந்த ஆளுக்கு. தன்ன மாதிரி உடம்புள்ள ஒரு பிச்சைக்காரனைக் கொன்னு, மூஞ்சக் கருக்கி, தன் துணிய அவனுக்குப் போட்டுட்டாரு. எழவு ஊட்டுக் கூட்டத்துல முக்காடு போட்டுகிட்டு நின்னு பார்த்தாரு. ஒருத்தரும் அழுவலை."

விளக்கு ஏன் கவிழ்ந்தது, முகம் ஏன் கருகியது என்று பதினோரு வருஷமாக நான் யோசித்ததற்கெல்லாம் பதில் அதில் இருந்தது. ஆனாலும் அது அவர் சொன்ன முடிவுதானே? எனக்கு வேண்டியது அச்சில் வந்தது.

அப்போது பார்த்து ஏழுமலை ஒரு பானையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். "சார் ஏமாந்து போவக் கூடாதில்ல? பானை இன்னும் அம்மா அடுப்புக்கு மேல பரண்லதான் இருந்துது. எல்லாத் தாளும் உள்ளதான்." பின்னால் இருபது பேர். இன்னாசியம்மா கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளே உப்பும் தாளும் ஒன்றாய் இறுகிய ஒரு கட்டி. கீழே இருந்தவை கூழாகிக் காய்ந்தவை. மேலே, கடைசியாகப் போட்ட தாள் மட்டும், நனைந்து ஒட்டியிருந்தாலும் கூழாகும் முன் அடுப்புச் சூட்டில் காய்ந்துவிட்டதால், முழுதாகத் தெரிந்தது. கத்தி முனையால் நெம்பினேன். அப்பளம் போல விட்டுக்கொண்டு வந்தது. எழுத்து அப்படியே இருந்தது. பதினோரு வருஷம் தேடியது என் கையில்.

படித்தேன். தணிகாசலம் எல்லாரையும் கூடத்துக்கு அழைக்கிறார். கதவைச் சாத்துகிறார். "கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார்" என்கிறார். அதற்குக் கீழே ஒரே ஒரு சொல்: தொடரும்.

முடிவு கிடையாது. எழுதியவர் எழுதினாரோ இல்லையோ, அச்சில் வரவில்லை. இதழ் அதோடு நின்றுவிட்டது. நான் தேடியலைந்த பொருள் உலகத்திலேயே இல்லை.

"சத்தமா படிங்க சார்" என்றாள் மங்கா. "அம்மா வாயில கேட்டது. படிச்சவங்க வாயிலயும் ஒரு வாட்டி கேக்கறோம்."

இன்னாசியம்மா என்னைப் பார்க்கவில்லை, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் தாளை உயர்த்திப் பிடித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல அச்சுத் தமிழில் படித்தேன்: "ஜமீன்தார் முக்காட்டை விலக்கினார். கூடியிருந்தோர் அலறினர். 'ஆம், நான்தான் கொன்றேன். எனக்காக அழுபவர் யாரென்று அறிய விரும்பினேன். ஒருவரும் அழவில்லை' என்றார். முற்றும்."

"பார்த்தியா, ஒரு வார்த்தை மாறலை" என்றார் ஏழுமலை பக்கத்திலிருந்தவரிடம். பேசிக்கொண்டே எல்லாரும் கலைந்து போனார்கள். அச்சில் இல்லாததை அச்சில் இருப்பதாகப் படித்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

புறப்படும்போது இன்னாசியம்மாவிடம் விலை கேட்டேன். இதழுக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். தாளை அவரிடமே திருப்பி நீட்டினேன், அது அவர் வீட்டுப் பொருள் அல்லவா? அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க சார். முன்ன மாதிரி இல்லை. இப்ப அளத்துப் பசங்க எல்லாம் பள்ளிக்கூடம் போவுதுங்க."

இரண்டு மணி பஸ்ஸில் புதுச்சேரி திரும்பினேன். சென்னையில் என் அலமாரியில் 'கள்ளச்சாவி' இப்போது முழுமையாக இருக்கிறது. இவர்கள் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எந்த அளம் என்றும் சொல்லப்போவதில்லை. சக சேகரிப்பாளர்கள் வீடு தேடி வந்து கடைசி இதழைக் காட்டச் சொல்கிறார்கள். அட்டையைக் காட்டுகிறேன். கடைசித் தாளை இதுவரை ஒருவருக்கும் காட்டவில்லை. கொன்றது யார் என்று கேட்டால், ஜமீன்தாரேதான் என்று அடித்துச் சொல்கிறேன்.