ஆவுடைத்தாய் வார்த்த இருக்கை

ஆவுடைத்தாய் எதற்கும் பயப்படுவாள். கரண்ட் போய் வந்தால் பயம். பக்கத்து வெல்டிங் கடையில் பொறி பறந்தால் பயம். யாராவது டப்பாவை மூடாமல் வைத்துவிட்டால், எழுந்து போய் மூடிவிட்டு வந்துதான் டீயைக் கையில் எடுப்பாள். விருதுநகரில் முகம்மது ரியாஸ் நடத்தும் பைபர் பட்டறையில் அவளுக்கு வேலை. தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு, கல்யாண மண்டப வாசலுக்கு யானை என்று எல்லாம் அங்கே வார்ப்பார்கள். ரெசின் என்ற பிசினோடு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து கொடுப்பது அவள் பொறுப்பு. ஹார்ட்னர் கொஞ்சம் கூடிப்போனாலும் வாளி சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். அவள் கலந்த வாளி ஐந்து வருடத்தில் ஒருமுறைகூடப் புகைந்ததில்லை. அதனால் மற்றவர்கள் கேலி செய்தாலும் ரியாஸ் செய்ய மாட்டார்.

அதற்கு முன் பதினாறு வருடம் அவள் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருந்தாள். தன் ஊர் ஆமத்தூரிலிருந்து கம்பெனி வேனில் போய் வருவாள். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு நாள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஈரம் பட்டால் சில மருந்து தானாகவே சூடேறும். வெடிமருந்து கலந்து வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டியின் வெளிப்பக்கத்தில் தற்செயலாக அவள் புறங்கை பட்டது. லேசாகச் சுட்டது.

"அண்ணாச்சி, இது சுடுதே" என்றாள்.

"வெயில்ல இருந்திருக்கும். சாயங்காலம் லோடு போகணும். சோலியப் பாரு" என்றார் போர்மேன்.

தொட்டி வெயிலில் இருக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி வாயைத் திறக்கவில்லை. பட்டாசுக் காகிதக் குழாய் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு காயவைக்கும் களத்துக்கு நடந்தாள். நாற்பது அடி போயிருப்பாள். பின்னால் இருந்து யாரோ தள்ளியதுபோல் முகங்குப்புற விழுந்தாள். திரும்பிப் பார்த்தபோது அந்த அறை இல்லை. போர்மேன் இல்லை. அவளோடு ஒரே வேனில், ஒரே சீட்டில் வந்த முத்துமாரியம்மாளும் இல்லை.

விசாரித்தவர்களிடம் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். தொட்டி சுட்டது அவளைத் தவிர யாருக்கும் தெரியாமலே போனது.

ரியாஸின் பட்டறைக்குப் பந்தயக் கார் வந்தது போன வருடம் தை மாதத்தில். ரியாஸுக்கு அக்கா மகள் பர்ஹத். பதினேழு வயது. கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஓட்டி இரண்டு கோப்பை வாங்கியிருந்தவள், அடுத்ததாக ஜூனியர்களுக்கான ஒற்றை இருக்கைக் கார் தொடரில் ஓட்ட ஆசைப்பட்டாள். சக்கரமெல்லாம் வெளியே தெரியும், ஓட்டுகிறவர் தலை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த மாதிரிக் கார். காரின் இரும்புச் சட்டத்தையும் இன்ஜினையும் கோயம்புத்தூரில் ஒருவர் செய்து கொடுத்தார். மூக்கு, பக்கப் பலகை, இன்ஜின் மூடி எல்லாவற்றையும் பைபரில் வார்க்கும் வேலையை ரியாஸ் ஏற்றுக்கொண்டார். மூன்று மாதம் ஆவுடைத்தாய் அதற்குத்தான் ரெசின் கலந்தாள்.

கடைசியாக இருக்கை. அதைக் கடையில் வாங்க முடியாது. ஓட்டுகிறவரைக் காருக்குள் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைச் செருகி, அதற்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்ற வேண்டும். கலவை நுரைத்து, பொங்கி, உடம்பைச் சுற்றி ஏறி இறுகும். பிறகு ஓட்டுகிறவர் எழுந்துகொண்டால் அவர் உடம்பின் அச்சே இருக்கையாக நிற்கும்.

"பொங்கும்போது சுடுமா?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

"கொஞ்சம் சுடும்னு பெட்டியில போட்டிருக்கு. பத்து நிமிசம்தான்" என்றார் ரியாஸ்.

"ஆளை உள்ள வச்சுக்கிட்டு நான் எதையும் கலக்க மாட்டேன் பாய். வேற யாரையாவது சொல்லுங்க."

"அளவு பாக்க உங்க கை மாதிரி வேற யாருக்கு இருக்கு? நீங்க கலந்தாத்தான் எனக்குத் தைரியம்க்கா."

அவரே நேரில் கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை. சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. தகரக் கூரைக்குக் கீழே நெருப்பாய் இருந்தது. பர்ஹத் பந்தய உடுப்போடு உள்ளே இறங்கிக் காலை நீட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஆவுடைத்தாய் எடை பார்த்து, கலந்து, முழு வாளியையும் பையில் ஊற்றினாள். உடனே பை உப்ப ஆரம்பித்தது. பர்ஹத்தின் தோளுக்குப் பின்னால் ஏறியது, விலாவை இரண்டு பக்கமும் அழுத்தியது. அந்தப் பெண் சிரித்தாள்.

"யாரோ கட்டிப்பிடிக்கிற மாதிரி இருக்குக்கா."

நான்காவது நிமிடம் சிரிப்பு நின்றது. "மாமா, முதுகுல சுடுது."

"அசையாதம்மா. அசைஞ்சா சீட்டு போயிரும்" என்றார் ரியாஸ்.

ஆவுடைத்தாய் புறங்கையைப் பையின் மேல் வைத்தாள். சூடு அவள் கையில் ஏறியது. கூரையும் ரியாஸும் தூரத்தில் எங்கேயோ போய்விட்ட மாதிரி இருந்தது. பர்ஹத்தின் நெற்றியில் வியர்வை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"எந்திரி தாயி" என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடி கத்தினாள். "எந்திரின்னா எந்திரி!"

கத்தியதோடு நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து மேலே இழுத்தாள். இறுகாத நுரை கிழிந்து, பை வெடித்து, மஞ்சள் குழம்பு கார் முழுக்க வழிந்தது.

ரியாஸ் தலையில் கை வைத்தார். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக? இன்னும் அஞ்சு நிமிசம்தான். பத்து நாள்ல கார் பந்தயத்துல நிக்கணும்."

ஆவுடைத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கும் சுட்டுச்சு பாய். புதுப்பட்டியில. என் கையில சுட்டுச்சு. ஒரு தடவ சொன்னேன், அவரு வெயிலுன்னாரு. நான் பேசாம தட்டத் தூக்கிட்டு வந்துட்டேன். முத்துமாரிய ஒரு சத்தம் குடுத்துக் கூப்புட்டிருக்கலாம். கூப்புடல."

பர்ஹத் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் ரியாஸ் இறுகிப்போன நுரையை ரம்ப பிளேடால் இரண்டாக அறுத்தார். வெளியே வெண்மஞ்சள். நடுவில் ஒரு கையகலம் தீய்ந்த ரொட்டிபோல் பழுப்பாக இருந்தது. நெடுநேரம் அதைப் பார்த்தார். "பிள்ளை முதுகு வெந்திருக்காது. வெந்தாலும் வெந்திருக்கும்" என்றார். பிறகு திரவம் விற்ற சென்னைக்காரருக்குப் போன் போட்டார். இந்த வெயிலில் மதியம் ஊற்றியதே தப்பு, மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றியது அதைவிடத் தப்பு, காலையில், மூன்று பங்காக, ஒரு பங்கு ஆறிய பிறகு அடுத்தது என்றுதான் ஊற்ற வேண்டும் என்றார் அவர்.

புதுத் திரவப் பெட்டி பார்சலில் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று இரவும் ஆவுடைத்தாய் சரியாகத் தூங்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள். நான்காம் நாள் காலை ஆறு மணிக்கே பட்டறைக்கு வந்தாள்.

"முதல்ல நான் உக்காருதேன் பாய். நீங்க ஊத்துங்க."

"எதுக்குக்கா? அதான் சரியான முறை தெரிஞ்சுபோச்சே."

"அவரு போன்ல சொல்லுதாரு. எம்புட்டுச் சூடுன்னு என் முதுகுக்குத் தெரியணும். தெரியாம அந்தப் பிள்ளைய நான் உக்கார வைக்க மாட்டேன்."

சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, காருக்குள் காலை விட்டாள். உட்காரும் குழி மிகவும் குறுகலாக இருந்தது. இடுப்பு சிக்கியது. உட்கார்ந்ததும் கண்ணுக்கு நேரே கார் மூக்கு, அதற்கு அப்பால் சுவர். கையை அசைக்க இடமில்லை. பதறி எழ வேண்டும் என்றாலும் சட்டென்று எழ முடியாது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்தப் பெண் இதற்குள் உட்கார்ந்துகொண்டா அவ்வளவு வேகம் போகப்போகிறாள்?

அவள் எடை போட்டு வைத்திருந்த ஒரு பங்கை ரியாஸ் கலந்து ஊற்றினார். நுரை முதுகில் ஊர்ந்து ஏறியது. கதகதப்பு வந்தது. கூடியது. அவள் கண்ணை இறுக மூடினாள். மூடியதும் களமும் தட்டும் புகையும் வந்தன. உடனே திறந்துகொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். ஒரு தேதிக்கு ஐந்து மூச்சு விட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினெட்டு வரும்போது சூடு கூடுவது நின்றது. இருபத்தேழில் இறங்க ஆரம்பித்தது. வெந்நீர்ப் பையை முதுகில் வைத்தது போல்தான் இருந்தது.

"போதும். தூக்குங்க" என்றாள். இறங்கியதும் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிவிட்டு வந்து, "அவள வரச் சொல்லுங்க" என்றாள்.

பர்ஹத்துக்கு மூன்று பங்காக ஊற்றி முடிக்க ஒன்பதரை மணி ஆனது. ஒவ்வொரு பங்குக்கும் ஆவுடைத்தாய் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "சுடுதா? இப்ப? இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் பர்ஹத், "நீங்க கேக்குறதுதான்க்கா எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

பந்தயத்துக்கு ரியாஸ் அவளையும் வேனில் அழைத்துப்போனார். முதல் நாள் ஓட்டத்தில் மூன்றாவது சுற்றில் பர்ஹத்தின் கார் வளைவில் சுழன்று டயர் அடுக்கிய தடுப்புச் சுவரில் பக்கவாட்டில் மோதியது. ஆவுடைத்தாய் அதைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தாள். கூட்டத்தின் சத்தத்தில்தான் தெரிந்தது. கம்பி வேலி வரை ஓடினாள். பர்ஹத் தானாகவே பெல்ட்டைக் கழற்றி வெளியே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, கோபத்தில் தரையை உதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கப் பலகை நொறுங்கியிருந்தது. பர்ஹத்தின் முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. மாலைக்குள் ஆவுடைத்தாய் ரெசின் கலந்து பலகையை ஒட்டவைத்தாள்.

மறுநாள் காலை பர்ஹத்துக்குத் தோள் பெல்ட்டை இழுத்துப் பூட்டியவள் அவள்தான். கொக்கி இரண்டு தடவை நழுவியது.

"பயமா இருக்காக்கா?"

"ஆமா தாயி."

"எனக்கும்தான். மாமாட்ட சொல்லிராதீக."

மூன்றாவது தடவை கொக்கி மாட்டிக்கொண்டது. ஆவுடைத்தாய் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு விலகி நின்றாள். பதினாறு கார்களில் பர்ஹத் பதின்மூன்றாவதாக வந்தாள். அந்த இருபது நிமிடமும் ஆவுடைத்தாய் வேலிக் கம்பியைப் பிடித்தபடி, முகத்தை மூடாமல் நின்றாள்.