மெழுகு தேய்த்த கைப்பிடி

நார்வேயில், மகளின் பனிச்சறுக்குப் பலகையில் மெழுகை உருக்கித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை என்னை சிறுவயதில் நாங்கள் குடியிருந்த லான்மடாவ் அடுக்குமாடி வீட்டு மாடிப்படிக்கு இழுத்துப் போனது.

எனக்கு ஒன்பது வயது. மின்வெட்டுக்கு உம்மா வைத்திருந்த மெழுகுவர்த்தியை எடுத்து, சறுக்கி விளையாட மரக் கைப்பிடி முழுக்கத் தேய்த்தேன். மூன்றாம் மாடி கதீஜா மாமி அதைப் பிடித்து இறங்கும்போது விழுந்துவிட்டார்.

"கையில பெலன் போச்சு புள்ள, பிடிச்சும் நிக்கல" என்றார் என்னிடமே. நான் வாய் திறக்கவில்லை. கைப்பிடியை மட்டும் சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டேன்.

மாமி அப்புறம் கீழே இறங்கவே பயந்தார். பால்கனியிலிருந்து மணி கட்டிய கயிற்றை விடுவார். நான் ரொட்டியைக் கட்டி அனுப்புவேன். "நல்ல புள்ள" என்பார்.

பலகையைத் தடவிய மகள் சிரித்தாள். "உம்மா, கை நிக்கவே மாட்டேங்குது!"

இருபது வருடம் கழித்து வாய் திறந்தேன். "உன் கை நல்லாத்தான் இருக்கு. மெழுகு தேச்சது நான்."