குக்கர் கேஸ்கட் வாங்க வந்தவர்

அவரைத் தீபாவளிக் கூட்டத்தில், தி.நகர் ரங்கநாதன் தெருவில் சந்தித்தேன். சந்தித்தேன் என்பதைவிட, இருவரும் சேர்ந்து நசுங்கினோம் என்பதே சரி. ஒல்லியான மனிதர். மழைக்குத் தலையில் மஞ்சள் பையைக் கவிழ்த்திருந்தார். குக்கர் கேஸ்கட் வாங்க வந்தவராம். பாத்திரக் கடையைக் கண்டதும் அந்தப் பக்கம் திரும்புவார். கூட்டம் அவரை ஒரு சுற்றுச் சுற்றி முன்னே தள்ளிவிடும்.

அவர் சட்டைப்பையில் கைபேசி புயல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. எனக்கோ ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் தங்கையின் நிச்சயதார்த்தம்.

“சார், புயல் சென்னைக்கு வருமா?”

“அதுக்கே தெரியாது சார். அது பாட்டுக்கு சுத்திக்கினு கீது. வெளியில அடிக்கிற பெரிய காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ, அந்தப் பக்கம் போவும்.”

“ஒரே எடத்துல நிக்காதா?”

“ரெண்டு பக்கமும் சமமா தள்ளுனா நிக்கும். இப்ப நான் நிக்கிறேன் பாருங்க...”

அதற்குள் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகும் கூட்டம் அவரை அள்ளிக்கொண்டது. பின்னாலேயே தள்ளப்பட்டுப் போன நான், தாம்பரம் வண்டிக்குள் அந்த மஞ்சள் பை மறைவதைப் பார்த்தேன்.

புயல் ஆந்திராவில் கரையைக் கடந்தது. அவர் எந்த ஸ்டேஷனில் கடந்தாரோ, இன்றுவரை தகவல் இல்லை.